முள்ளோடையில் தொடங்கும் அரசமைப்புச் சட்டம்

கடலூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரியில் பாடம் நடத்தும் எனக்கு, வாரத்தில் ஐந்து நாட்கள் ஆல்பேட்டை சோதனைச்சாவடியையும் பெண்ணையாற்றுப் பாலத்தையும் கடந்து முள்ளோடை வழியாகப் பேருந்தில் போவது பழகிய ஒன்று. முள்ளோடையில் மண்ணின் நிறமோ, வயலில் நிற்கும் பயிரோ, பேருந்தில் பேசப்படும் தமிழோ மாறுவதில்லை. ஆனால் அங்கே பெட்ரோல் விலை மாறுகிறது, மதுக்கடைகளின் பலகைகள் தொடங்குகின்றன, காவலர்களின் தலைமை மாறுகிறது, சட்டமன்றமும் மாறுகிறது. என் மாணவர்களில் பாதிப்பேர் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். பிறந்ததிலிருந்து இந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருப்பவர்கள். அந்த எல்லையை அங்கே வைத்தது எது என்று முதல் வகுப்பில் கேட்டால், பெரும்பாலும் 'பிரெஞ்சுக்காரர்கள்' என்ற விடை வருகிறது. வரலாற்றில் அது சரி. இன்று அந்த எல்லையை அங்கே வைத்திருப்பது எது என்று மறுபடி கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் நான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

சட்டம் படிக்காத பட்டப்படிப்பு மாணவர்களுக்கும் அரசமைப்புச் சட்டத்தை அறிமுகப்படுத்தும் பாடம் இது. வழக்கமான பாடத்திட்டங்கள் முகப்புரையில் தொடங்கி, அடிப்படை உரிமைகளுக்கு வந்து, நெறிமுறைக் கோட்பாடுகளைத் தொட்டு, நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரத்துக்கு எல்லை வகுத்த கேசவானந்த பாரதி வழக்கில் போய் நிற்கும். பிழை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த வரிசையில் படித்தவர்கள் அரசமைப்பை ஒரு வழிபாட்டு நூலாகப் பார்க்கப் பழகிவிடுவதைப் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன். சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்று அழகாக எழுதுவார்கள். ஒரு அதிகாரி ஒரு ஆணையைப் பிறப்பித்தால், அதற்கான அதிகாரம் அவருக்கு எந்தச் சொற்களிலிருந்து வந்தது என்று தேட அவர்களுக்குத் தோன்றாது. எனக்கோ அரசமைப்புச் சட்டம் என்பதே அந்தத் தேடல்தான். யாருக்கு அதிகாரம், எந்தச் சொல்லால், எதுவரை என்ற மூன்றையும் கேட்கத் தெரிந்தவர் மாணவராயினும் வழக்கறிஞராயினும் அதைப் படிக்கத் தொடங்கிவிட்டார் என்பேன். அதற்குப் புதுச்சேரியைவிட நல்ல இடம் இந்தியாவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் கேட்கத் தேவையில்லாத கேள்விகள் எல்லாம் இங்கே கேட்கப்பட்டிருக்கின்றன. பலவற்றை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனவர்கள் இந்த ஊரின் வணிகர்களும் பேருந்து உரிமையாளர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும்தான்.

சொற்களைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளிதழ்கள் 'பிரிவு' என்று எழுதுகின்றன, பழைய நூல்கள் 'ஷரத்து' என்கின்றன, மாணவர்கள் 'ஆர்ட்டிகிள்' என்றே சொல்கிறார்கள். சாதாரணச் சட்டங்களில் இருப்பதைப் பிரிவு என்றும் அரசமைப்பில் இருப்பதை உறுப்பு என்றும் பிரித்துச் சொல்வது எனக்கு வசதி. இந்தக் கட்டுரையில் அரசமைப்பும் சாதாரணச் சட்டமும் மாறிமாறி வரும் என்பதால் அந்த வேறுபாடு தேவைப்படும்.

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அது 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் கொண்ட ஆவணம். அன்று காலை கடலூர் அந்த ஆவணத்துக்கு உட்பட்ட ஊர். வடக்கே இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருந்த புதுச்சேரி பிரெஞ்சு நாட்டின் ஆட்சிப்பகுதி. இந்த ஊரைப் பற்றி அரசமைப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. இருந்தது முதல் உறுப்பின் மூன்றாம் உட்பிரிவில் ஒரு திறந்த கதவு மட்டும்: இனிமேல் பெறப்படக்கூடிய பிற நிலப்பகுதிகளும் இந்தியாவின் ஆட்சிநிலவரையில், அதாவது நாட்டின் நிலப்பரப்பில், அடங்கும் என்ற வாசகம். முதல் வகுப்பில் இந்த ஒரு வரியைத்தான் படிக்கிறோம். ஒரு நாடு தன் எல்லையை எழுதும்போதே அது வளரக்கூடும் என்று எழுதிவைத்ததை இருபது வயதுப் பிள்ளைகள் வியப்போடு படிப்பதைப் பார்ப்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மகிழ்ச்சி தருகிறது.

அந்தக் கதவு எப்போது திறந்தது என்பது அடுத்த கேள்வி. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியில் உள்ள கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அது சட்டப்படி நிறைவேறியது. இந்தத் தேதிகள் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் இந்த மண் என்னவாக இருந்தது என்பதைப் பாடநூல் கேட்பதில்லை. கேட்டது ஒரு வழக்கு. பேருந்து இயக்கும் உரிமம் குறித்துப் புதுச்சேரியின் தலைமை ஆணையர் எடுத்த முடிவை எதிர்த்து மஸ்தான் சாகிப் என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தலைமை ஆணையரை நியமித்ததோ இந்திய அரசு. பறந்ததோ இந்தியக் கொடி. ஆனாலும் புதுச்சேரி இந்தியாவின் ஆட்சிநிலவரையில் இருக்கிறதா என்று நீதிமன்றம் இந்திய அரசையே கேட்டது. இல்லை, அங்கே நாங்கள் நடத்துவது 1947ஆம் ஆண்டின் அயலக அதிகாரவரம்புச் சட்டத்தின் கீழான நிர்வாகம் என்று அரசு பதிலளித்தது. 1962இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கையில் இருப்பதும் சட்டப்படி உரிமையாவதும் வேறுவேறு என்பதை, வீட்டுப் பத்திரமும் சுவாதீனமும் வேறு என்று தெரிந்த எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் உடனே புரிந்துகொள்வார்.

அதே 1962இல் அரசமைப்பின் 14ஆம் திருத்தம் வந்து, மாநிலங்களையும் ஒன்றிய ஆட்சிப்பகுதிகளையும் (யூனியன் பிரதேசங்களையும்) பட்டியலிடும் முதல் அட்டவணையில் புதுச்சேரியைச் சேர்த்ததோடு, 239-ஏ என்ற புதிய உறுப்பையும் அரசமைப்பில் சேர்த்தது. சட்டமன்றத்தையும் அமைச்சரவையையும் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் உருவாக்கலாம் என்பது அதன் சாரம். அன்று அந்த உறுப்பில் இமாச்சலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா டாமன் டையூ, புதுச்சேரி ஆகிய ஐந்து பெயர்கள் இருந்தன. இமாச்சலம் 1971இல் மாநிலமானது. மணிப்பூரும் திரிபுராவும் 1972இல் மாநிலங்களாயின. கோவா 1987இல் வெளியேறியது. இன்று அந்த உறுப்பின் வாசகத்தில் எஞ்சி நிற்கும் பெயர் புதுச்சேரி ஒன்றுதான். ஜம்மு காஷ்மீருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதே உறுப்பைப் பொருத்தியிருக்கிறது என்பது தனிக்கதை. தில்லிக்கோ 1991இன் 69ஆம் திருத்தம் 239-ஏஏ என்ற தனி உறுப்பையே கொடுத்தது. இந்த இரண்டு உறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வது என் வழக்கம். தில்லிக்கு ஒரு சட்டமன்றம் 'இருக்கும்' என்று அரசமைப்பே சொல்கிறது. புதுச்சேரிக்கு நாடாளுமன்றம் ஒன்றை 'உருவாக்கலாம்' என்கிறது. 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் அரசாங்கச் சட்டம் அந்த 'லாம்' என்ற விகுதியின்மீது கட்டப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் இருப்பு அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்க, புதுச்சேரிச் சட்டமன்றத்தின் இருப்பு நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றக்கூடிய ஒரு சட்டத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளும்போது, ஒரு விகுதி எவ்வளவு சுமக்கிறது என்பதை மாணவர்கள் தாங்களே உணர்கிறார்கள்.

இனி நான் மிக அதிக நேரம் செலவிடும் இடத்துக்கு வருகிறேன். புதுச்சேரி ஒரு மாநிலமா? இல்லை என்பது எளிய பதில். அரசமைப்பின் பதில் அவ்வளவு எளிதன்று. 'மாநிலம்' என்ற சொல்லில் ஒன்றிய ஆட்சிப்பகுதியும் அடங்கும் என்று 1956க்குப் பிறகு பொதுச் சொற்றொகுதிகள் சட்டம் சொல்கிறது. இடத்துக்குப் பொருந்தாவிட்டால் ஒழிய அந்தப் பொருள் அரசமைப்புக்கும் செல்லும் என்கிறது 367ஆம் உறுப்பு. இதை வைத்துக்கொண்டு கண்ணையன் வழக்கில் ஒரு வாதம் எழுந்தது. வருமான வரியைப் புதுச்சேரிக்கு நீட்டித்தது குடியரசுத் தலைவர் 240ஆம் உறுப்பின்கீழ் 1963இல் பிறப்பித்த ஒரு ஒழுங்குமுறை விதி. அப்படிச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டா என்பது வழக்கு. அதிகாரப் பகிர்வைச் சொல்லும் 246ஆம் உறுப்பில் 'மாநிலம்' என்ற சொல்லுக்கு அந்த விரிந்த பொருள் பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே ஒன்றிய ஆட்சிப்பகுதிக்கு, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்கள் உட்பட எதைப் பற்றியும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். குடியரசுத் தலைவரின் விதியாக்கமும் அதே அளவு விரிந்தது. அந்த உறுப்பில் புதுச்சேரி மாநிலம் அன்று.

ஆனால் 101ஆம் திருத்தம் வழியாகச் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) வந்தபோது, 366ஆம் உறுப்பில் ஒரு வரையறை சேர்க்கப்பட்டது: அந்த வரி தொடர்பான உறுப்புகளில் 'மாநிலம்' என்பது சட்டமன்றம் உள்ள ஒன்றிய ஆட்சிப்பகுதியையும் குறிக்கும். அங்கே புதுச்சேரி மாநிலம். அதன் நிதியமைச்சரும் ஜிஎஸ்டி மன்றத்தில் உட்காருகிறார். குடியரசுத் தலைவர் தேர்தலில் 1992இன் 70ஆம் திருத்தத்தால் அதன் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு, அங்கும் மாநிலம். ஒன்றிய வரிகளில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவைப் பற்றிய 280ஆம் உறுப்புக்கு வந்தால் மறுபடியும் மாநிலம் இல்லை. ஜிஎஸ்டியில் மாநிலமாக எண்ணப்படும் ஊர், ஒன்றியம் திரட்டிய வரியில் பங்கு கேட்கும் வரிசையில் நிற்க முடியாமல், ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வரும் மானியத்தை எதிர்பார்த்திருக்கிறது. மாநிலத் தகுதி கேட்டு இந்தச் சட்டமன்றம் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியதன் பின்னால் உணர்ச்சி மட்டும் இல்லை, இந்த 280ஆம் உறுப்பும் இருக்கிறது. ஒரே சொல் ஓர் ஆவணத்துக்குள் பக்கத்துக்குப் பக்கம் பொருள் மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

பெட்ரோல் விலைக்கும் இங்கேயே விடை இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டி வளையத்துக்குள் இன்னும் கொண்டுவரப்படவில்லை. அருந்தும் மது அதற்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் விற்பனை வரி மாநிலப் பட்டியலின் 54ஆம் பதிவிலும், மதுவின் மீதான ஆயத்தீர்வை 51ஆம் பதிவிலும் உள்ளன. 1963ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்குக் கொடுத்திருப்பதால், ஆல்பேட்டையில் ஒரு வரியும் முள்ளோடையில் ஒரு வரியுமாக இருக்கிறது.

அந்த அதிகாரத்தை ஒரு சட்டமன்றம் எப்படிக் கைநழுவ விடலாம் என்பதற்கும் புதுச்சேரியே பாடம். 1965இல் புதுச்சேரிச் சட்டமன்றம் ஒரு பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. புதிதாக எதையும் எழுதாமல், சென்னை மாநிலத்தின் 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம், நம் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் இங்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. பக்கத்து மாநிலத்தின் நல்ல சட்டத்தை எடுத்துக்கொள்வதில் பிழையென்ன என்றுதான் மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். பிழை தேதியில் இருக்கிறது. சட்டம் நிறைவேறியது 1965இல். நடைமுறைக்கு வந்தது 1966 ஏப்ரல் 1 அன்று. இடையில் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தமும் சேர்ந்தே புதுச்சேரிக்கு வந்துவிட்டது. அதாவது புதுச்சேரி உறுப்பினர்கள் தாங்கள் பார்த்திராத, விவாதித்திராத வாசகங்களுக்கு முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தார்கள். ஷாமாராவ் என்ற வணிகர் தொடுத்த வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், இது அதிகாரத்தை ஒப்படைப்பதுகூட அன்று, சட்டமியற்றும் கடமையையே சென்னைச் சட்டமன்றத்திடம் துறந்துவிடுவது என்று கூறி அந்தச் சட்டம் செல்லாது என்றனர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் சரிசெய்யப் புதுச்சேரி ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பிறக்கும்போதே உயிரில்லாத சட்டத்தைத் திருத்தத்தால் உயிர்ப்பிக்க முடியாது என்று அதுவும் தள்ளப்பட்டது.

இந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அதில் மாறுபட்ட நீதிபதிகளின் கருத்தும் படிக்கத் தக்கது. தீர்ப்பின் எல்லையைப் பிற்காலத்தில் நீதிமன்றங்கள் குறுக்கிப் படித்ததும் உண்மை. ஆனால் அதன் நடுவில் இருக்கும் எண்ணம் எனக்குப் பெரியது. வாக்காளர் தன் பிரதிநிதிக்கு வாக்கைக் கொடுத்தது அவருடைய சிந்தனையை எதிர்பார்த்து; அந்தச் சிந்தனையைப் பக்கத்து ஊர்க்காரருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமை பிரதிநிதிக்கு இல்லை. அடுத்த ஊரில் எழுதப்படும் சட்டம் நம் சட்டத்தைவிடச் சிறந்ததாகவே இருந்தாலும் இல்லை.

இங்கே வந்தவுடன் வகுப்பு தானாகவே நியமன உறுப்பினர்களிடம் போய்விடும். புதுச்சேரிச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர். ஒன்றிய அரசு நியமிக்கக்கூடியவர்கள் 3 பேர். தவளக்குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி, முதல்முறை வாக்களித்த ஆண்டில், எழுந்து கேட்டார்: "சார், எங்க தொகுதியில இவ்ளோ பேரு வரிசையில நின்னு ஓட்டுப் போட்டு ஒருத்தர அனுப்பறோம். யாருமே ஓட்டுப் போடாம வர்றவருக்கும் அதே ஒரு ஓட்டுதானா?" ஆம் என்பதுதான் சட்டத்தின் விடை. 2017இல் மூவரை ஒன்றிய அரசு, இங்குள்ள அமைச்சரவையின் பரிந்துரை இல்லாமல் நியமித்தபோது வழக்கு எழுந்து, 2018 டிசம்பரில் லட்சுமிநாராயணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ஏற்றது. நியமிப்பவர் ஒன்றிய அரசு என்று சட்டமே சொல்கிறது. அமைச்சரவையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதில் இல்லை. வரவுசெலவுத் திட்டத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்றது. 239-ஏ உறுப்பிலேயே 'முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, பகுதி நியமிக்கப்பட்டும் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டும் அமைந்ததோ' என்ற பொருள்படும் சொற்கள் இருப்பதை அந்த மாணவிக்குக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, சொற்கள் அப்படி இருப்பது புரிகிறது, சரியா என்பதுதான் புரியவில்லை என்றார். அந்த இரண்டையும் அவர் தனித்தனியே வைத்துக்கொண்டதைக் கண்டு மனம் நிறைந்தது. என் கருத்தைக் கேட்டால், முப்பது பேர் தேர்ந்தெடுக்கப்படும் அவையில் மூன்று வாக்கு என்பது ஓர் ஆட்சியை நிறுத்தவோ கவிழ்க்கவோ போதுமான எண். அந்த எண்ணை மக்களின் கைக்கு வெளியே வைப்பது நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் அதை மாற்ற வேண்டிய இடம் நாடாளுமன்றம் என்பதே அந்தத் தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையிலான அதிகாரச் சச்சரவைப் பற்றி மாணவர்களுக்கு நான் சொல்வதைவிட நாளிதழ்கள் அதிகம் சொல்லியிருக்கின்றன. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, துணைநிலை ஆளுநர் அன்றாட நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்றதையும், 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்ததையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்லிவிடுகிறேன்.

உரிமைகளை நான் கடைசியில்தான் எடுக்கிறேன் என்பதைச் சக ஆசிரியர்கள் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. உரிமைகள் சிறியவை என்பதால் அன்று. அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே அதற்குத் தடை போடுவது என்னவென்று புரியும் என்பதால். அங்கும் இந்த ஊர் கைகொடுக்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஆணை, தம் மதம், சாதி சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்பட விரும்பிய இந்தியர்களுக்கு வழி திறந்தது. அப்படித் துறந்தவர்கள் ரெனோன்சான் எனப்பட்டார்கள். 1963இல் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பொது உரிமையியல் சட்டத்தைப் பேசும் 44ஆம் உறுப்பை எங்கும் காரசாரமாக விவாதிக்கிறார்கள். ஒருவர் பிறப்பால் வந்த தனிச்சட்டத்தை விட்டுத் தானே விரும்பிப் பொதுச் சட்டத்துக்குள் போகலாம் என்ற ஏற்பாடு இந்த ஊரின் தெருக்களில் நூற்றாண்டுக்கு மேலாக இருந்திருக்கிறது என்பதை அந்த விவாதங்களில் நான் கேட்டதே இல்லை. இது எல்லாப் பிரச்சினைக்கும் தீர்வு என்று நான் வாதிடவில்லை. சமத்துவத்தைச் சொல்லும் 14ஆம், மதச் சுதந்திரத்தைச் சொல்லும் 25ஆம், இந்த 44ஆம் உறுப்புகளை ஒரே மேசையில் வைத்துப் பேச இதைவிடக் கனமான பொருள் கிடைக்காது என்றே சொல்கிறேன்.

ஆண்டுக்கொரு முறை மாணவர்களைக் கீழூர் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்கிறேன். சென்ற முறை அதே தவளக்குப்பத்து மாணவி, வாக்களித்த 178 பேரும் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள்தானே, இதை எப்படி மக்களின் வாக்கெடுப்பு என்பது என்று கேட்டார். வங்கத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் 1949இல் மக்கள் நேரடியாகவே வாக்களித்தார்கள் என்றும், அந்த ஊர் பின்னர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்துவிட்டது என்றும், மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்று 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பு தன் 27ஆம் உறுப்பில் சொன்னதால்தான் கீழூரே தேவைப்பட்டது என்றும் விளக்கினேன். ஒப்புதலை எப்படிப் பெறுவது என்று அந்த உறுப்பு சொல்கிறதா என்றார். சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பேருந்திலேயே 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையின் நகலை எடுத்தோம். இந்த ஊரின் தனி நிர்வாகத் தகுதியில் அரசமைப்பு மாற்றம் எதையும் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது அதன் இரண்டாம் உறுப்பு. 1979 ஜனவரியில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்து ஊரே கொந்தளித்தபோது பலர் நினைவில் இருந்தது அந்த வாக்குறுதிதான். அந்த மாணவி உடன்படிக்கையின் அந்த வரியை இரண்டு முறை படித்தார். 'அறிந்து' என்று இருக்கிறது, யாரிடம் கேட்டு அறிவது, எந்த முறையில் அறிவது என்பது அடுத்த பக்கத்தில் இருக்குமா என்று தாளைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் அது இல்லை. அரியாங்குப்பம் தாண்டும்வரை அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் அதையே முதலில் எழுதினேன்.